டிஸ்கில் இடமில்லை

ஜூன் 16, திங்கள்

காலையில் வந்ததும் சர்வர் அறையில் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. வாளி வைத்தேன். வாளி வைப்பதும் சிஸ்டம் அட்மின் வேலைதான் போலிருக்கிறது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் ரேணுகாதேவி, வெயிட்டிங் ஹால் டிவியில் சேனல் வராவிட்டாலும் ரேணுகாதேவி. பொள்ளாச்சியில் இப்படி ஒரு கருத்தரிப்பு மையத்தில் வேலை என்றால் ஊரில் எல்லோரும் என்னை நர்ஸ் என்றே நினைக்கிறார்கள்.

இதை எழுதக் காரணம் மோகன்ராஜ். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன் மஸ்கட் போகும்போது ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போனான். எனக்குப் பின்னால் வருகிறவள் என்னைத் திட்டக் கூடாது. அதனால் முதலில் நிலவரம்.

ஒரே ஒரு சர்வர். அதற்குள் நான்கு வி.எம். ஒரு வீட்டை நான்கு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்ட மாதிரி, ஒரே பெட்டிக்குள் நான்கு கணினிகள். ஒன்று பில் போட. ஒன்று மெசேஜ் அனுப்ப. மூன்றாவது லேப். எந்தத் தம்பதியின் கரு எந்த டேங்கில், எந்த அடுக்கில் உறைந்திருக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. உறைய வைத்த குழலின் மேல் வெறும் எண் மட்டும்தான் இருக்கும். அது யாருடையது என்று சொல்ல இந்த வி.எம். ஒன்றுக்குத்தான் தெரியும். நான்காவது பழைய லேப். முன்பு ஓடிய சாஃப்ட்வேர். யாரும் தொடுவதில்லை, ஆனால் டிஸ்கில் பெரிய பங்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இன்று தற்செயலாகப் பார்த்தேன். சர்வர் டிஸ்கில் எள் போட இடமில்லை. அது மட்டுமென்றால் பரவாயில்லை. பேக்கப் மார்ச் மாதத்திலிருந்து ஒரு நாள்கூட முடியவில்லை. ஒவ்வொரு இரவும் ஆரம்பித்து, இடம் போதாமல் பாதியில் நின்று, தோற்றேன் என்று ஒரு மெயில் அனுப்பியிருக்கிறது. யாருக்கு? மோகன்ராஜுக்கு. மஸ்கட்டில் இருப்பவனின் மூடிப்போன மெயிலுக்கு.

மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மேனேஜர் நாகமாணிக்கம் சாரிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா ரேணுகாதேவி, அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் ஜனவரில வந்தப்ப ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னானல்ல? அப்பறம் என்ன பயம்?"

"சார், ஸ்னாப்ஷாட் பேக்கப் இல்லீங்க சார். அதுவும் அதே டிஸ்கிலதான் இருக்குது. டிஸ்க் போச்சுன்னா ரண்டும் ஒட்டுக்காப் போயிரும்."

"எடுத்து வெச்சிருக்குதில்ல?"

"எடுத்து வெச்சிருக்குதுங்க."

"அப்பறம் என்னம்மா?"

இதற்கு மேல் யார் என்ன சொல்வது? வீடு எரிந்தால் என்ன செய்வது என்று கேட்டால், சாவி அதே வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

கம்பெனிக்காரனைப் பிடித்தேன். ஜனவரியில் அப்டேட் போடும் முன், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப, ஒரு மணி நேரத்துக்கென்று எடுத்தானாம். கலைக்க மறந்துவிட்டானாம். "ஐயோ மேடம், அது இன்னுமா இருக்கு?" என்று என்னையே கேட்கிறான். அன்றிலிருந்து லேப்பில் எது மாறினாலும் அந்த ஸ்னாப்ஷாட் தனிக் கோப்பாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. தினமும் மைக்ரோஸ்கோப்பிலிருந்து வரும் கருவின் படங்கள் எல்லாம் அதில்தான். அதைக் கலைத்து ஒன்றாக்கலாம்தான், ஆனால் அதற்கும் இடம் வேண்டும். பேக்கப் எடுக்க இடம் வேண்டும். இடம் உண்டாக்கவே இடம் வேண்டும் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜூன் 19, வியாழன்

என் யோசனைகளும் அவற்றின் கதியும்.

புது டிஸ்க்: சர்வரில் டிஸ்க் சொருகும் துளை எல்லாம் நிரம்பிவிட்டது, மாடலும் பழசு. அடுத்த குவார்ட்டரில் பார்க்கலாம் என்றார் சார். வெளியே ஒரு டிஸ்க்கை மாட்டி நேராக அதில் எடுப்பது: லேப் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் முடிகிறவரை இன்னொரு தற்காலிக ஸ்னாப்ஷாட் சர்வரிலேயே வளரும், அதற்கு இப்போது இடமில்லை. லேப்பை நிறுத்திவிட்டு நகல் எடுப்பது: கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும்.

லேப்பை ஒரு நாள் நிறுத்த முடியுமா என்று ஷாகிரா பானு மேடத்திடம் ஃபோனில் கேட்டேன். அவர்தான் இங்கே கரு வளர்ப்பதையும் உறைய வைப்பதையும் பார்த்துக்கொள்கிறவர்.

"ஞாயித்துக்கெழமை வேணா நிறுத்தலாங்களா மேடம்?"

"கருவுக்கு ஞாயித்துக்கெழம தெரியாது அம்மிணி. இன்னிக்கு எடுத்த முட்டைக்கு நாளைக்குப் பாக்கோணும், மூணாம் நாளு பாக்கோணும், அஞ்சாம் நாளு பாக்கோணும். எதை நிறுத்தறது? ஆமா, பத்தடி தூரத்துல இருந்துட்டு எதுக்கு எப்பப் பாத்தாலும் ஃபோன்ல பேசறீங்க? உள்ள வாங்களேன்."

வேலை இருக்கிறது என்றேன். லேப்புக்குள் போனால் செருப்பு மாற்ற வேண்டும், தொப்பி போட வேண்டும். அந்த மருந்து வாசனையும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில். துணி துவைத்தது காயவில்லை. ஆனி மாதக் காற்றும் தூறலும். இட்லிக்கு அரைத்தேன்.

கொழுந்தனார் வந்திருந்தார். அவர்கள் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்களாம், ஒரு பீரோவை எங்கள் சின்ன அறையில் இரண்டு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பட்டென்று, "அந்த ரூமுல எடமில்ல" என்று சொல்லிவிட்டார். அந்த அறையில் ஒரு கோரைப்பாயைத் தவிர எதுவும் கிடையாது. கொழுந்தனார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கூடப்பிறந்தவனுக்கு இப்படியா? கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

சாயங்காலம் என்னிடம் கேட்டார். "உங்க ஆஸ்பத்திரியில கரண்டு போச்சுன்னா அந்த டேங்குக்கு ஒண்ணும் ஆகாதா புள்ள?"

"அதுக்குக் கரண்டே வேண்டாமுங்க. நைட்ரஜன் ஊத்தி வெச்சிருப்பாங்க."

"அப்பச் சரி."

பேச ஒன்றுமில்லாமல் எதையாவது கேட்பது அவர் வழக்கம். தேங்காய் நார் மில்லில் நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர், வீட்டில் எதையோ பேச வேண்டுமே என்று பேசுகிறார்.

ஜூன் 24, செவ்வாய்

நின்றேவிட்டது.

பதினொரு மணிக்கு டிஸ்க் முழுசாக நிரம்பி நான்கு வி.எம்.மும் அப்படியே உறைந்தன. பில் கவுண்டரில் வரிசை. அதுகூடப் போகட்டும். உள்ளே முட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே காலையில் மூன்று பெண்கள். யாருடையது எது என்று ஒத்துப் பார்க்கும் திரை உறைந்து கிடக்கிறது. ஷாகிரா மேடம் கதவைத் திறந்து, முகக்கவசத்துக்குள்ளிருந்தே கத்தினார். "ரேணுகா! எனக்கு ஸ்கிரீன் வேணும், இப்பவே வேணும்!"

பழைய இன்ஸ்டால் கோப்புகள், மோகன்ராஜ் இறக்கி வைத்திருந்த சினிமாப் படங்கள், எனக்கே என்னவென்று தெரியாத சில என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தேன். கொஞ்சம் இடம் கிடைத்தது. ஒவ்வொன்றாக உயிர் வந்தது. நல்லவேளை, மேடம் எப்போதும் தட்டின் அடியில் மார்க்கரால் பெயரையும் எழுதி வைப்பார். ஒன்றும் மாறிப்போகவில்லை.

வெளியே வராந்தாவில் ஒரு பெண் தன் மாமியார் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மயக்கம் இன்னும் தெளியவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

கிடைத்த இடம் இரண்டு வாரத்துக்குக்கூடத் தாங்காது.

ஜூன் 25, புதன்

இப்போது நாகமாணிக்கம் சாருக்கும் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவருக்கு மூளையும் வருகிறது. "அந்தப் பழைய லேப்பைத் தூக்கிப் போட்டரும்மா. அத ஆரு பாக்கறா?"

அதை அழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஸ்னாப்ஷாட்டைக் கலைக்கலாம், பேக்கப்பும் ஓடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க நான் என்ன மோகன்ராஜா? முதலில் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றது. மறுபடி, அதே இடத்தில். மூன்றாவது முறையும் அங்கேயே. அதன் கோப்புக்குள் எங்கோ டிஸ்க் கெட்டுப்போயிருக்கிறது. திறந்தால் திறக்கிறது, பெயரைத் தேடினால் காட்டுகிறது, ஆனால் முழுசாக எடுக்க வரமாட்டேன் என்கிறது. விவரத்தை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பட்டனும் லைசென்ஸ் முடிந்து சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அணைத்தால் திரும்ப எழும்புமா என்பதே சந்தேகம்.

கம்பெனிக்காரனிடம் கேட்டேன். "புது சாஃப்ட்வேருக்கு மாறும்போது எல்லாரோட விவரத்தையும் கொண்டு வந்தீங்கல்ல?"

"ஆக்டிவ்வா இருந்த எல்லாரையும் கொண்டு வந்துட்டோம் மேடம்."

"ஆக்டிவ்வுன்னா?"

"வருஷா வருஷம் புதுப்பிக்கறவங்க. பதில் சொல்லாதவங்கள அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்."

ஆக, கரு இங்கே டேங்கில் இருக்கிறது, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வாய் திறக்காதவர்களின் பெயர் பழைய லேப்பில் மட்டும்தான் இருக்கிறது. அதை அழித்தால் அந்தக் குழல்கள் பெயரில்லாத குழல்கள்.

எனக்குத் தலை வலிக்கிறது. இன்று இவ்வளவு போதும்.

ஜூன் 27, வெள்ளி

வேறு வழியில்லை. பழைய லேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, விடுபட்டவர்களை ஒவ்வொருவராகப் புதியதில் கையால் ஏற்ற வேண்டும். ஷாகிரா மேடம் டேங்கில் உள்ள எண்ணைச் சொல்லுவார், நான் தேடி அடிப்பேன். அதற்காக உள்ளே போனேன். செருப்பு மாற்றினேன், தொப்பி போட்டேன்.

பத்துப் பன்னிரண்டு தம்பதிகள்தான். மேடம் எண்ணை வாசித்துக்கொண்டே வந்தார். ஓர் எண்ணை வாசித்ததும் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "இதைக் கடேசியாப் பாத்துக்கலாம்" என்று அடுத்த எண்ணுக்குப் போனார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

வேலை சுலபமாக முடிந்திருக்கும். புது சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் மட்டும் காலியாக விட முடியாது: தொடர்ந்து வைக்க, கைவிட. இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் சேமிக்காது. முடிவு செய்யவில்லை என்று ஒரு மூன்றாவது வழி வைக்க அந்தக் கம்பெனியில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கல்யாணம் ஆகாத பையன்களாக இருக்கும்.

"ஃபோன் பண்ணிக் கேட்டுரலாம்" என்றார் மேடம். "எடுக்காதவங்களுக்குத் தொடரன்னு போட்டுக்கலாம். நாமளா எதையும் கைவிட வேண்டாம். ஃபோன்ல சொல்றத எழுதிக்குங்க, கையெழுத்துக்கு நேர்ல வரச் சொல்லுங்க. ரண்டு பேரும் வரோணும்."

ஜூன் 28, சனி

ஃபோன் செய்யும் வேலை என் தலையில். நர்ஸுகளுக்கு நேரமில்லையாம். ஒரே வாசகத்தை ஒப்பித்தேன். உங்க பேர்ல கரு உறைய வெச்சிருக்குதுங்க, தொடர்ந்து வெக்கறதுங்களா, கைவிடறதுங்களா?

உடுமலைப்பேட்டைப் பெண். பின்னால் இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் கத்துகின்றன. "இதுக ரண்டையும் மேய்க்கவே எனக்குப் பாதி உசுரு போவுதுங்க. இன்னொண்ணு சத்தியமா வேண்டாமுங்க." பேனாவை எடுத்தேன். "இருங்க இருங்க, எழுதிராதீங்க. தூக்கிப் போடுங்கன்னு சொல்ல வாய் வரமாட்டீங்குது. ஒரு வருசம் வெச்சிருங்க." தொடர.

தாராபுரத்துக்காரர். "அவ அவங்கப்பன் ஊட்டுக்குப் போயி ரண்டு வருசமாச்சுங்க. கோர்ட்டுல கேசு நடக்குது." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "அது எத்தன பெருசுங்க இருக்கும்?" கண்ணுக்கே தெரியாதுங்க என்றேன். "அவளக் கேளுங்க. அவ வேணுமுன்னா எனக்கும் வேணும்."

ஆனைமலையில் ஒரு பெண் என்னைக் கிழித்துவிட்டாள். "மறந்து நல்லாத்தான இருந்தேன்? எதுக்கு இப்ப ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்தறீங்க? உங்களுக்கெல்லாம் இது ஒரு வேலை. எங்களுக்கு அப்பிடியா?" மன்னிச்சுக்கோங்க என்றேன். அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள். கைவிட. மெதுவாகச் சொன்னாள். புருஷனோடு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

இதை எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது. பதில் சொல்லாதவர்கள் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டோம். இவர்களில் ஒருவர்கூட அலட்சியமாக இருக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

மீதிப் பேருக்கும் பேசியாயிற்று. இரண்டு பேர் ஃபோனில் கிடைக்கவில்லை, அவர்களுக்குத் தொடர. எல்லோரையும் ஏற்றிவிட்டேன். டிஸ்க் மறுபடி நிரம்பி வருகிறது. நாகமாணிக்கம் சார் காலை மாலை இரண்டு வேளையும் வந்து கதவில் நின்று, "ஆச்சா?" என்கிறார்.

"ஒண்ணு பாக்கிங்க சார்."

"ஒண்ணுதான? போட்டு உட்டரும்மா."

ஜூலை 1, செவ்வாய்

ஷாகிரா மேடம் சர்வர் அறைக்கே வந்துவிட்டார். வாளியைக் காலால் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரேணுகா. தொடரன்னு போட்டுரலாமா? ஒரு கிளிக்கு. அப்பறம் எப்ப வேணாலும் மாத்திக்கலாம்."

சரி என்றேன். மவுஸில் கை வைத்தேன். அழுத்தவில்லை. அவரைக் கேட்காமல் நான் எப்படிப் போட முடியும் மேடம் என்றேன்.

"அப்பக் கேளுங்க. ஒரே ஊட்டுலதான இருக்கறீங்க?"

சரி, எழுதிவிடுகிறேன். எனக்குப் பின்னால் வருகிறவள் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளட்டும். கடைசி எண் எங்களுடையது. இந்த வேலையில் சேர்ந்த வருஷம், ஸ்டாஃப் என்று சொல்லி இங்கேயே வைத்தியம் பார்த்தார்கள். மூன்று முறை. மூன்றாவது முறை எட்டு வாரம் வரை இருந்தது. அப்புறம் இல்லை. ஒன்று மட்டும் டேங்கில் மிச்சம் இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவருக்கு இனி இதெல்லாம் வேண்டாம். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். ஆண்கள் இதில் சீக்கிரம் சலித்துப்போவார்கள். நான்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

வீட்டில் கேட்க வரவில்லை. நேற்று ராத்திரி சோறு போடும்போது ஆரம்பித்தேன், "ஏனுங்க" என்றேன், அவர் நிமிர்ந்து பார்த்தார், ரசம் ஊத்தட்டுங்களா என்று கேட்டுவிட்டேன்.

அதனால் இன்று மதியம் ஆபீஸ் ஃபோனிலிருந்து, மில்லில் இருக்கும் அவர் செல்லுக்கு அடித்தேன். மற்றவர்களிடம் எப்படிக் கேட்டேனோ அப்படியே கேட்டுவிடுவது என்று முடிவு. மற்றவர்களிடம் கேட்க எனக்குக் கஷ்டமாக இல்லை.

"ஆருங்க?" பின்னால் நார் அடிக்கும் மிஷின் சத்தம்.

"கருத்தரிப்பு மையத்துல இருந்து பேசறமுங்க. தண்டபாணிங்களா?"

மிஷின் சத்தம் குறைந்துகொண்டே போனது. வெளியே நடந்து வருகிறார் போலிருக்கிறது. பதினோரு வருஷமாகக் கேட்கிற குரல் தெரியாமல் இருக்குமா? ஆனாலும், "ஆமாங்க, தண்டபாணிதானுங்க" என்றார்.

"உங்க பேர்ல ஒரு கரு உறைய வெச்சிருக்குதுங்க. தொடர்ந்து வெக்கறதுங்களா, கைவிடறதுங்களா?"

"வெச்சிருங்க."

யோசிக்கவே இல்லை. கேட்டு முடிக்கும் முன் சொல்லிவிட்டார். நான் அதற்குத் தயாராக இல்லை. கைவிட என்று சொல்வார், அவருக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழுத்துவேன் என்று நினைத்திருந்தேன்.

"வெக்கறதுங்களா?" என்று திரும்பக் கேட்டேன்.

"ஆமாங்க. பத்திரமா இருக்குதான்னு எங்கூட்டுல கேட்டுட்டேதானுங்க இருக்கறேன். எத்தன வருசமானாலும் வெச்சிருங்க."

வாசகத்தில் அடுத்து ஒன்று உண்டு. அதையும் சொன்னேன். "உங்க சம்சாரத்தோட சம்மதமும் வேணுமுங்க."

"நீங்களே அவகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. எங்கிட்ட அவ இதப் பத்திப் பேசமாட்டீங்கறா. எனக்கு வேண்டாமுன்னு அவளா நெனச்சுக்கிட்டா. சரி, அவளுக்கு அப்பிடி நெனச்சாத்தான் நிம்மதியா இருக்குதுன்னா இருக்கட்டுமுன்னு நானும் உட்டுட்டேன்."

அப்புறம் நான் பேசியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

"என்னால முடியலீங்க" என்றேன். "இன்னொருக்கா ஊசி போட்டுக்க முடியாதுங்க. இன்னொருக்கா பதினாலு நாளு காத்துட்டு இருக்க முடியாது. இன்னொருக்கா அந்த ஸ்கேன் ரூமுல அந்தப் பொண்ணு ஸ்கிரீன அந்தப் பக்கம் திருப்பிக்கறதப் பாக்க முடியாது. எனக்குப் போதுமுங்க. வேண்டாமுன்னு சொன்னது நீங்க இல்ல. நான்தான். நான் சொன்னா நான் கெட்டவளாயிருவேன்னு உங்க தலையில போட்டுட்டேன்."

காற்று ஃபோனில் இரைந்தது. அப்புறம் அவருடைய சொந்தக் குரலில் பேசினார்.

"சாப்பிட்டயா புள்ள?"

"இல்லீங்க."

"சாப்பிடு மொதல்ல. வெள்ளிக்கெழம வந்து கையெழுத்துப் போட்டர்றேன்."

"நீங்க வேணுமுன்னு சொன்னீங்களே..."

"சொன்னேன். நீ முடியலன்னு சொல்லீட்டயல்ல? அப்பறம் எனக்கு எதுக்கு?"

ஜூலை 3, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இடம் இன்னும் இரண்டு நாளுக்கு வரும்.

ஜூலை 4, வெள்ளி

மில்லிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்தார். புது வெள்ளைச் சட்டை. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தலையைப் படிய வாரியிருந்தார். வெயிட்டிங் ஹாலில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார்; ஸ்டாஃப் வீட்டுக்காரர் என்று உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, முறைப்படி பெயரைக் கூப்பிடட்டும் என்றார். ஷாகிரா மேடம் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மேடம் எங்களைப் பார்க்காமல் தாளை மடித்துக்கொண்டே, "நாளைக்குக் காலைல நானே பண்றேன். வேற ஆருகிட்டயும் உடமாட்டேன்" என்றார்.

நான் சர்வர் அறைக்கு வந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். இதற்கு முன் இந்த அறைக்குள் வந்ததில்லை. எங்கள் விவரத்தை ஏற்றினேன். அந்தக் கட்டத்தில் கைவிட என்று போட்டேன். சேமித்தது. எல்லோர் பெயரும் புதியதில் வந்துவிட்டதா என்று ஷாகிரா மேடத்தின் எண்களோடு இன்னொரு முறை ஒத்துப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"இந்தப் பழையத அழிக்கோணுமுங்க. அப்பத்தான் மத்தவங்களோடதுக்கு எல்லாம் பேக்கப் எடுக்க எடம் கெடைக்கும்."

"அழிச்சா திரும்ப வராதா?"

"வராதுங்க."

"அதுலயும் நம்ம பேரு இருக்குதா?"

"இருக்குதுங்க. தேதி, படம் எல்லாமே இருக்குது."

நிச்சயமாக அழிக்கலாமா என்று திரை கேட்டது. நான் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எத்தனை கோப்புகளை அழித்திருப்பேன், கணக்கே இல்லை. அவர் குனிந்து என் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார்.

"நவுரு. உனக்கெதுக்கு இது. எதை அமுக்கோணுமுன்னு காட்டு, நான் அமுக்கறேன்."

காட்டினேன். நாருக்குள்ளேயே கிடந்து காய்ப்புப் பிடித்த விரல். பட்டனைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று அம்புக்குறியை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போய் அமுக்கினார். சில வினாடிகள்தான். டிஸ்கில் இடம் வந்தது. ஸ்னாப்ஷாட்டைக் கலைக்கவிட்டேன், சாயங்காலத்துக்குள் முடிந்தது. மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக பேக்கப் ஓட ஆரம்பித்தது. அவர் அதுவரை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். நாகமாணிக்கம் சார் கதவில் வந்து நின்று ஆச்சா என்று கேட்டார். ஆச்சுங்க சார் என்றேன்.

ஆறு மணிக்கு அவர் வண்டியிலேயே கிளம்பினோம். மீன்கரை ரோட்டில் திரும்பியதும் அவர் முதுகு குலுங்கியது. மேடு பள்ளம் என்று நினைத்து ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி குலுங்கியது. அப்புறம்தான் கீழே பார்த்தேன். போன மாதம் புதிதாகத் தார் போட்ட ரோடு, ஒரு குழிகூட இல்லை.